படகைத் தூக்கும் ராட்டினம், 30 மீட்டர் குதிரைகள், 73 உயிர்களை வாங்கிய பாலம்... ஸ்காட்லாந்தில் ஒரு நாள் கேம்பர்வேன் டூர்!

படுக்கை, அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் என ஒரு சின்ன வீட்டையே சக்கரத்தில் ஏற்றி வைத்தது போன்ற வண்டிதான் கேம்பர்வேன். ஸ்காட்லாந்துக்கு வரும் பலர் இதை எடுத்துக்கொண்டு மலைகளையும் ஏரிகளையும் தேடி வடக்கே பறந்துவிடுவார்கள். ஆனால், எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையிலேயே ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய மூன்று பிரமாண்டங்கள் இருக்கின்றன. மூன்றும் எஃகால் ஆனவை. மூன்றின் பின்னாலும் உழைப்பின் கதை ஒன்று இருக்கிறது.

காலை: ஃபால்கிர்க் வீல்

ஃபால்கிர்க் ஊரில் இரண்டு கால்வாய்கள் வெவ்வேறு உயரத்தில் ஓடுகின்றன. முன்பெல்லாம் படகுகள் 11 மதகுகளைத் தாண்டி, படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். அதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் போய்விடும். 1933-ல் அந்த மதகுகள் அகற்றப்பட, இணைப்பும் அறுந்தது.

2002-ல் அதை மீட்டது, 35 மீட்டர் உயரமுள்ள இந்தச் சுழல் சக்கரம். மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி. படகு உள்ளே வந்தால், தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அதனால் இரு தொட்டிகளும் எப்போதும் சம எடையில் இருக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே தத்துவம்தான்! தராசு போல சமநிலையில் இருப்பதால், ஒருமுறை படகைத் தூக்க சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரமே போதும். கட்டடக் கலைஞர் டோனி கெட்டில், இது எப்படிச் சுழலும் என்பதைத் தன் மகளின் லெகோ பொம்மைகளை வைத்தே செய்து பார்த்தாராம்.

மதியம்: கெல்பீஸ்

வண்டியைக் கிளப்பினால், அதே ஊரின் ஹீலிக்ஸ் பூங்காவில் கால்வாய் ஓரமாக இரண்டு குதிரைத் தலைகள் வானத்தைத் தொடுகின்றன. 30 மீட்டர் உயரம், ஒவ்வொன்றும் சுமார் 300 டன். சிற்பி ஆண்டி ஸ்காட், டியூக், பேரன் என்ற இரண்டு நிஜக் குதிரைகளை மாதிரியாக வைத்து உருவாக்கியவை இவை. 2014-ல் மக்கள் பார்வைக்கு வந்தன.

குதிரை ஏன்? எந்திரம் வருவதற்கு முன் கரையில் நடந்தபடி படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவை குதிரைகள்தான். பாரம் சுமந்த அந்த வாயில்லா ஜீவன்களுக்கு எழுப்பிய மரியாதை இது. கெல்பி என்பது, குதிரை உருவில் வரும் என்று ஸ்காட்லாந்துக் கதைகள் சொல்லும் நீர்ப் பேயின் பெயர்.

மாலை: ஃபோர்த் பாலம்

கிழக்கே சவுத் குயின்ஸ்ஃபெரி ஊருக்குப் போனால், சிவப்பு நிறத்தில் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிறது இந்த ரயில் பாலம்.

1879 டிசம்பரில், புயல் இரவு ஒன்றில் டே பாலம் இடிந்து, அதன்மேல் சென்ற ரயிலோடு சுமார் 75 பேர் ஆற்றில் மூழ்கினார்கள். அதை வடிவமைத்த தாமஸ் பவுச்சிடம்தான் ஃபோர்த் பாலமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, ஜான் ஃபௌலரும் பெஞ்சமின் பேக்கரும் புதிய வடிவத்தோடு வந்தார்கள். 'இது விழாது' என்று மக்களை நம்ப வைக்க, பேக்கர் மனிதர்களையே மாதிரிப் பாலமாக உட்கார வைத்துக் காட்டினார். இருவர் கைகளை நீட்டித் தாங்க, நடுவில் தொங்கும் பலகையில் அமர்ந்தவர் ஜப்பானியப் பொறியாளர் கைச்சி வாட்டனாபே.

1890-ல் திறக்கப்பட்ட பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால், கட்டி முடிப்பதற்குள் 57 பேர் இறந்ததாகத்தான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய ஆவணங்களைத் தேடி, இறந்தவர்கள் 73 பேர் என்று கண்டறிந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. 2012-ல் இரு கரைகளிலும் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

பாலத்தோடு செல்ஃபி எடுத்த கையோடு வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். அந்த நினைவுச் சின்னத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, கேம்பர்வேன் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வையுங்கள்!