ஹாரன் காணோம், சக்கர மூடி காணோம்! சுரங்கத் தொழிலாளர் செய்த குட்டிக் காருக்கு மறுவாழ்வு

குழந்தை உட்கார்ந்து மிதித்து ஓட்டும் பொம்மைக் கார்தான். ஆனால் எடை சுமார் 43 கிலோ! நீளம் 5 அடிக்கு மேல். ஒரு ஆள் தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

விளக்கு எரியும். ஹாரன் அலறும். டிக்கி திறக்கும். பானெட்டைத் தூக்கினால் உள்ளே டம்மி எஞ்சின், அதில் நிஜமான ஸ்பார்க் பிளக்! டயருக்குக் காற்று அடிக்க வேண்டும்.

இதன் பெயர் ஆஸ்டின் ஜே-40. இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனி, தன் ஏ-40 டெவன் காரைப் பார்த்துச் செய்த குட்டி. 1950 முதல் 1971 வரை 32,098 கார்கள் வெளிவந்தன. இன்று இவற்றைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்க ஒரு கூட்டமே அலைகிறது.

நெஞ்சில் தூசி

இந்தக் காரைச் செய்த கைகளின் கதை சோகமானது.

தெற்கு வேல்ஸ் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். வருடக்கணக்கில் கரித்தூசியை சுவாசித்தவர்களின் நுரையீரல் கெட்டியாகிப் போனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மருந்து கிடையாது. 1943-ல் இந்த நோய்க்கு இழப்பீடு உண்டு என்று அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நோய் இருப்பதாக டாக்டர் எழுதிவிட்டால் சுரங்க வேலை போச்சு! ஆயிரக்கணக்கான பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்காகவே பார்கோட் என்ற ஊரில் அரசுப் பணத்தில் ஒரு ஆலை எழும்பியது. 1949 ஜூலை 5-ந்தேதி திறப்பு விழா. லாப நோக்கம் கிடையாது. பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜில் உள்ள ஆஸ்டின் தொழிற்சாலையில், பெரிய காருக்கு வெட்டியது போக மிஞ்சிய தகடு இங்கே வந்து சேரும். கரி வெட்டிய கைகள் அந்தத் துண்டுத் தகட்டில் குழந்தைகளுக்குக் கார் செய்தன!

ஓட்டை சொல்லும் சாட்சி

பல கார்கள் குழந்தைகள் கையில் இடிபட்டன. பல கார்கள் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறிச் சுற்றின. ராட்டினத்தில் பெடலுக்கு என்ன வேலை? இப்படியே பாகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. பானெட் மேலே பறக்கிற சின்னம், சக்கர மூடி, விளக்கு வளையம், ஹாரன், பம்பர் எல்லாம் அம்போ! ஹாரனுக்கும் விளக்குக்கும் போட்ட பேட்டரியை எடுக்க மறந்திருந்தால் அது கசிந்து தகட்டையும் தின்றிருக்கும்.

அனுபவஸ்தர்கள் முதலில் ஸ்பானரைத் தொடுவதில்லை. போலீஸ்காரர் சம்பவ இடத்தைப் பார்ப்பது மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். நாலு பக்கமும் போட்டோ எடுக்கிறார்கள். காலி ஓட்டை எங்கே இருக்கிறது? அதைச் சுற்றி பெயிண்ட் நிறம் மாறியிருக்கிறதா? காணாமல் போன பாகம் எந்த அளவு, எப்படி மாட்டியிருந்தது என்பதை அந்தத் தடமே சொல்லிவிடும். பின்னால் வந்த யாரோ ஒரு ஆசாமி டிரில் போட்ட ஓட்டையும் உண்டு. அதை நம்பினால் ஏமாற வேண்டியதுதான்.

காணாத பாகங்களை அதே அச்சில் புதிதாகச் செய்து விற்கிறவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். வாங்கி மாட்டலாம், தப்பில்லை. ஆனால் எது புதுசு, எது பழசு என்று எழுதி வைக்க வேண்டும். புதுச் சக்கர மூடியைப் போட்டுவிட்டு 'அசல் சரக்கு' என்று விற்றால் அதற்குப் பெயர் மோசடி. கழற்றிய பழைய திருகாணியைக்கூட சீட்டு கட்டி டப்பாவில் போட்டு வைப்பது நல்லது.

தேய்க்காதே!

பெரிய சண்டை பெயிண்ட் விஷயத்தில்தான். சிலர் உப்புத்தாளை எடுத்து வெறும் தகடு தெரிகிறவரை தேய்த்து, புது பெயிண்ட் அடித்து, பளபளன்னு ஷோரூம் கார் மாதிரி நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க ஜோர்தான். ஆனால் பார்கோட்டில் அடித்த வர்ணம் ஒரு துளி மிச்சமில்லை. பம்பர் கடையில் கிடைக்கும். அந்தத் தொழிலாளி கைபட்ட வர்ணம் எந்தக் கடையில் கிடைக்கும்?

ராட்டினத்தில் ஓடிய வண்டி என்றால் மேலே பல பூச்சு இருக்கும். மறைவான ஒரு மூலையில் காசு அகலத்துக்கு மட்டும் மெள்ள நீக்கிப் பார்த்தால், அடியில் அசல் நிறம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால் மேல்பூச்சை மட்டும் எடுக்கலாம். துருவை நிறுத்தி, மெழுகு பூசினாலே போதும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலப்பது சகஜம். உலர்ந்தபடி தேய்த்தால் கிளம்பும் தூசி மூச்சில் போகும், குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். தண்ணீர் விட்டு ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும். முடித்ததும் உடனே துடைக்காவிட்டால் மறுபடி துரு ஏறும். தூசியைத் தடுக்கிற முகமூடி கட்டாயம். சாதாரணக் கைக்குட்டை கட்டினால் பிரயோசனமில்லை. தூசியால் நெஞ்சு போனவர்கள் செய்த வண்டி ஆயிற்றே!

ஆலை மூடல்

1971-க்குப் பிறகு பார்கோட் ஆலையில் பொம்மைக் கார் இல்லை. பெரிய கார்களுக்குப் பாகங்கள் மட்டும் செய்தார்கள். 1999-ல் ஆலையையே மூடிவிட்டார்கள்.

கார்கள் ஓய்ந்தபாடில்லை. இங்கிலாந்தின் குட்வுட் பந்தய மைதானத்தில் 2012 முதல் ஜே-40 கார்களுக்கென்றே ஒரு போட்டி நடத்துகிறார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பொடிசுகள் ஓடிவந்து, சீட்டில் தாவி ஏறி, பெடலை மிதி மிதி என்று மிதிக்கின்றன.