பழைய காரின் ஸ்பிரிங்கை ஒருமுறை குனிந்து பாருங்கள்



சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் சுப்ஹு தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் நின்ற என் பழைய மாருதி 800 இடது பக்கம் சாய்ந்திருந்தது. முன் டயரில் காற்று இல்லை. பஞ்சர் என்று நினைத்து ஜாக்கி போட்டுத் தூக்கினால், ஸ்பிரிங்கின் அடிச்சுற்று ஒடிந்து, அதன் கூரான முனை டயரின் உள்பக்கத்தைக் கிழித்திருந்தது. முந்தின இரவு அதே காரில்தான் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வந்திருந்தேன். அல்ஹம்துலில்லாஹ், சாலையில் நடந்திருக்க வேண்டியது வாசலில் நடந்தது.

இரண்டு வாரமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஷெட்டில் காட்டியபோது, "ஷாக் அப்சார்பர் வீக்கா இருக்கு பாய், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். நம் மஹல்லாவில் பத்து, பதினைந்து வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்கள் பலர். சிலர் அதில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறார்கள். நான் செய்த தவறை அவர்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் அப்சார்பர் வேறு

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியபின் ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். பானெட்டை அழுத்திவிட்டால் கார் இரண்டு மூன்று முறை ஆடுகிறது என்றால் பழுது ஷாக் அப்சார்பரில். நிற்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சந்தேகம் ஸ்பிரிங் மேல். மாருதி 800, ஆம்னி போன்றவற்றில் முன்பக்கம் இரண்டும் ஸ்ட்ரட் என்ற ஒரே அமைப்பில் சேர்ந்திருப்பதால் குழப்பம் வருகிறது. ஆம்னியின் பின்பக்கம் இருப்பது பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். அதைப் பார்க்கும் முறை வேறு.

நம் பகுதியில் ஏன் சீக்கிரம் ஒடிகிறது?

ஸ்பிரிங் கம்பியின் மேல் உள்ள பெயின்ட்தான் அதன் கவசம். ஜல்லி தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக்காற்று வேலையைத் தொடங்கும். துரு சிறு குழியாகும். லாரிகள் அழுத்திய பள்ளத்தில் ஒவ்வொரு முறை விழும்போதும் அந்தக் குழியிலிருந்து விரிசல் வளரும். மணலும் ஈரமும் தங்குவது அடிச்சுற்றில் என்பதால் பெரும்பாலும் ஒடிவதும் அங்கேதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

"கொஞ்சம் துருதானே" என்று நினைக்க வேண்டாம். கம்பியின் கனம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கம்பியின் மேல் விழும் சுமையோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும்.

நீங்களே பார்க்கக் கூடியவை

1. சமதளத்தில், ஆள் ஏறாமல், டயர்களில் சரியான காற்றோடு காரை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஷெட்டில் காட்டுங்கள்.

2. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, டார்ச் அடித்து அடிச்சுற்றைப் பாருங்கள். கம்பியின் முனை தன் இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். முனை பளிச்சென்று புதிதாக வெட்டியதுபோல் தெரிந்தால் அது ஒடிந்த ஸ்பிரிங்.

3. டயரின் உள்பக்கத்தில் தேய்ந்த கோடு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இஞ்சின் நின்று, ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

மாற்றும்போது

இந்த வேலையை வீட்டில் செய்யக் கூடாது. ஸ்ட்ரட்டுக்குள் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டி, சுற்றுகள் தளர்ந்து இருக்கையை விட்டு விலகிய பிறகே மேல் நட்டைக் கழற்ற வேண்டும். கயிறு கட்டியோ கம்பியால் முறுக்கியோ செய்தால் ஸ்பிரிங் தெறித்து உயிரே போகும். கம்ப்ரஸர் இல்லாத ஷெட்டில் வேலை கொடுக்காதீர்கள்.

ஒன்று ஒடிந்தாலும் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் மாற்றுங்கள். புதியதும் தளர்ந்ததும் சேர்ந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஏசி உள்ளது, இல்லாதது, பெட்ரோல், டீசல் என்று ஸ்பிரிங் மாறக்கூடும். சேசிஸ் நம்பரைக் காட்டி வாங்குங்கள். கூடவே ரப்பர் இருக்கை, பம்ப் ஸ்டாப் ஆகியவற்றையும் பார்த்து, கடைசியில் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

புதுப்பேட்டையில் பழைய கதவோ கண்ணாடியோ வாங்கலாம். பழைய ஸ்பிரிங் வேண்டாம். உள்ளே வளர்ந்திருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஒடிந்ததை வெல்டிங் வைப்பது, சூடாக்கி நீட்டுவது, சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகுவது எல்லாம் ஆபத்தை ஒத்திப்போடுவதே தவிர ரிப்பேர் அல்ல.

வாட்டர் சர்வீஸ் செய்யும்போது அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். நம் தெருக்கள் பலவற்றில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் பயனில்லை. துருவைத் தடுக்க பழைய இஞ்சின் ஆயிலை அடிப்பதும் தவறு, ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடும்.

கார் பதிவு செய்து 15 ஆண்டு ஆனதும் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. சோதனைக்குப் போக வேண்டும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. ஸ்பிரிங் அதுவரை காத்திருக்காது. வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். நம் வண்டியில் ஏறும் பிறர் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானத். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.

– செயலாளர்