வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது

ஒரு காலத்தில் ஓரளவு பெரிய மளிகைக் கடை என்றால் கணக்குப்பிள்ளை ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். சிட்டையும் பேரேடும் அவர் கைக்குள் இருக்கும். பொட்டலம் மடிக்க ஓர் ஆள், சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்க சைக்கிளுடன் ஒரு பையன், எல்லோரும் கடைச் சம்பளத்தில் இருந்தார்கள். இன்று அந்த வேலைகளில் பல கடைக்கு வெளியே போய்விட்டன. கணக்கை மாதம் ஒருமுறை வந்து எழுதிக் கொடுப்பவர் ஒருவர். மசாலாப் பொடியைப் பாக்கெட் போட்டுத் தருபவர் இன்னொருவர். சரக்கை வாடிக்கையாளர் வீட்டில் சேர்ப்பவர் சொந்த வண்டி வைத்திருக்கும் வேறொருவர்.

இதில் தவறு ஏதும் இல்லை. மாதத்தில் நான்கு நாள் வேலைக்கு முப்பது நாள் சம்பளம் கொடுக்கச் சிறு வியாபாரியால் முடியாது. வேலை தெரிந்தவருக்கு, வேலை அளவுக்குக் கூலி கொடுத்து முடித்துக்கொள்வதே சிக்கனம். ஆனால் வேலையை ஒப்படைக்கும்போது பொறுப்பையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். தொல்லை தொடங்குவது அங்கேதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 48-வது பிரிவு, வரிப் பயிற்சியாளர் ஒருவர் மூலம் கணக்குத் தாக்கல் செய்ய நம்மை அனுமதிக்கிறது. அதே பிரிவு, அவர் தாக்கல் செய்த விவரம் சரியா தவறா என்பதற்குப் பதிவு பெற்ற வணிகரே பொறுப்பு என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 'ஆடிட்டர் ஆபீஸ் பையன் மறந்துவிட்டான்' என்ற பதில் அதிகாரி முன் செல்லாது.

மறந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். மாதாந்திரக் கணக்கான 3பி படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி ஏதும் இல்லாத மாதமானால் 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. தொடர்ந்து இரண்டு மாதம் தாக்கலாகாவிட்டால் ஈ-வே பில் எடுக்கும் வசதி நிறுத்தப்படும். மொத்த வியாபாரியின் வண்டி கிடங்கிலேயே நிற்கும். ஆறு மாதம் தொடர்ந்தால் பதிவையே ரத்து செய்யலாம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நம் விற்பனை விவரத்தை, அதாவது 1-ம் எண் படிவத்தை, தாக்கல் செய்யாவிட்டால் நம்மிடம் சரக்கு வாங்கிய சில்லறைக் கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அவர் இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை வேறு மண்டிக்குப் போய்விடுவார். தாமதக் கட்டணத்தைக் கட்டித் தீர்க்கலாம், போன வாடிக்கையாளரைத் திருப்ப முடியாது.

சாவி யார் கையில்?

வரிப் பதிவுக்கான பயனர் பெயர், கடவுச்சொல், ஓ.டி.பி. வரும் கைபேசி எண், மின்னஞ்சல் ஆகிய நான்கும் இன்று கல்லாப்பெட்டிச் சாவிக்குச் சமம். ஆனால் பதிவு செய்து கொடுத்தவர் தம் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே போட்டுவிட்டு, பின்னர் விவரம் தர மறுத்த சம்பவங்கள் நாடு முழுவதும் நடந்தன. 2018-ல் மத்திய நிதி அமைச்சகமே இத்தகைய புகார்கள் வருவதாக அறிவித்து, வட்டார வரி அதிகாரியிடம் ஆவணங்களுடன் சென்று எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிக்கொள்ள வழி செய்தது.

ஆகவே உறுப்பினர்கள் இன்றைக்கே ஒன்று செய்ய வேண்டும். வரித் தளத்தில் உள்ள எண் யாருடையது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், கணக்கர் நம்பிக்கையானவராகவே இருந்தாலும் மாற்றிவிடுங்கள். இது அவர்மீது சந்தேகம் கொள்வது ஆகாது. நாளை அவருக்கு உடல்நலம் குன்றினாலோ, அவர் ஊர் மாறிப் போனாலோ நம் கடை நிற்கக் கூடாது அல்லவா? கம்ப்யூட்டர் பில்லிங் போட்டுக் கொடுத்தவருக்கும் இதே விதிதான். கணக்கின் நகல் ஒன்று வாரந்தோறும் நம் கைக்கு வந்துவிட வேண்டும்.

பாக்கெட் போடுபவர்

நம் கடைப் பெயரில் மிளகாய்ப் பொடியோ பருப்போ பாக்கெட் போட்டு வாங்குகிறோம் என்றால், பாக்கெட்டின் மீது நம் பெயர் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி பெயர், முகவரி, நிகர எடை, பாக்கெட் செய்த மாதம், ஆண்டு, அதிகபட்சச் சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் விவரம் ஆகியவை இருக்க வேண்டும். உணவுப் பொருளானால் 14 இலக்க உரிம எண்ணும் வேண்டும். போட்டுக் கொடுப்பவருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ இருக்கிறதா என்று கேட்டு, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் பத்துப் பாக்கெட்டை எடுத்து நம் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் வாடிக்கையாளர் நம் கடை வாசலுக்குத்தான் வருவார். பாக்கெட் போட்டவர் யாரென்று அவருக்குத் தெரியாது.

கூலி கொடுக்கும் முறை

வெளி ஆளுக்குக் கொடுக்கும் பணத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது. சரக்கு வண்டிக்காரர்களுக்கு மட்டும் இந்த வரம்பு 35,000 ரூபாய். வங்கி வழியே கொடுப்பதே நல்லது.

இரண்டாவது, முந்தைய ஆண்டில் விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டிய தனிநபர் வணிகர், ஒப்பந்த வேலைக்குக் கொடுக்கும் தொகையில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஒரே முறையில் 30,000 ரூபாய்க்கு மேல், அல்லது ஆண்டில் மொத்தம் 1,00,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் இது பொருந்தும். வேலை செய்பவர் தனிநபரானால் 1 சதவீதம். அவரிடம் பான் எண் வாங்காவிட்டால் 20 சதவீதம். தணிக்கையாளர், வழக்கறிஞர் போன்றோரின் தொழில்முறைக் கட்டணம் ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம். இந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது.

மூன்றாவது, பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்டால் அவருடைய பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு இல்லாதவருக்கு வரி வசூலிக்க உரிமை இல்லை. அந்த எண் நடப்பில் உள்ளதா என்பதை வரித் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரு தாளில் எழுதுங்கள்

'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்பார்கள். கணக்குக்குச் சொன்னது ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். வெள்ளைத் தாள் ஒன்று போதும். என்ன வேலை, எந்தத் தேதிக்குள், என்ன கூலி, எந்த நாளில் பணம், சரக்கு சேதமானாலோ தாமதக் கட்டணம் வந்தாலோ யார் ஏற்பது, விலகும்போது எதையெல்லாம் திருப்பித் தர வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் தாக்கல் ஆனதற்கான ஒப்புகை எண் வந்த பிறகே கணக்கருக்குக் கூலி என்று வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நம் பக்கமும் ஒரு கடமை உண்டு. விற்பனை பில்களை 9-ம் தேதி இரவு கொடுத்துவிட்டு 11-ம் தேதிக்குள் முடிக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது. பேசிய கூலியைப் 'பார்க்கலாம், அடுத்த மாதம்' என்று இழுத்தடிப்பதும் அழகல்ல. மொத்த வியாபாரிக்குத் தவணை தவறாமல் பணம் கட்டுகிற கடைக்காரருக்குத்தான் நல்ல சரக்கு முதலில் வருகிறது. வெளியே வேலை செய்பவரும் அப்படித்தான். அவருக்குப் பத்துக் கடை உண்டு. கடைசித் தேதி நெருங்கும்போது யார் வேலையை முதலில் எடுப்பார் என்பதை நாம் கொடுக்கும் நாணயமே முடிவு செய்கிறது.

வேலையைத் தாராளமாக வெளியே கொடுப்போம். மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கொடுத்த வேலை நடந்ததா என்று நம் கண்ணால் பார்ப்போம். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.