மின்சார சக்கர நாற்காலி: நிறுவனங்களை ஒப்பிடும்போது எதைக் கேட்க வேண்டும்?

2009-இல் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு கலைஞர் கருணாநிதியைச் சக்கர நாற்காலியில்தான் தமிழகம் பார்த்தது. கோபாலபுரத்து வீட்டில் அவருக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். அதே தெருவில் மூன்றாவது மாடியில் வசிக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கே நாற்காலி தவறான தேர்வாகிவிட்டால், லட்ச ரூபாய் வீட்டு மூலையில் முடங்கிவிடும்.

பெங்களூருவின் ஆஸ்ட்ரிச், தைவானின் கர்மா, ஸ்வீடனின் பெர்மொபில் எனப் பல நிறுவனங்கள் உள்ளன. சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷனின் 'நியோபோல்ட்' வேறு வகை. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டி ஸ்கூட்டர் போல ஓட்டும் மோட்டார் அது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். கைகளில் பலம் உள்ளவருக்கு அருமையானது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தவருக்கு உதவாது.

எனவே விளம்பரத்தைப் பார்க்கும் முன் டேப்பை எடுத்து லிஃப்ட் கதவையும் குளியலறை வாசலையும் அளந்துவிடுங்கள். நடுச்சக்கரத்தில் மோட்டார் உள்ள நாற்காலி குறுகிய இடத்தில் நின்ற இடத்திலேயே திரும்பும். பின்சக்கர மோட்டார் தெருவில் நேராக ஓடும், ஆனால் திரும்ப அதிக இடம் கேட்கும்.

'ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர்' என்றால், அது ஐஎஸ்ஓ 7176 தரச் சோதனையில் கிடைத்த எண்ணா என்று கேளுங்கள். மேடுபள்ளமான சாலையில் அதைவிடக் குறையத்தான் செய்யும்.

உம்ரா செல்லும் எண்ணம் இருந்தால் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். மடக்கு நாற்காலியிலிருந்து கழற்றிக் கைப்பையில் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி 300 வாட்-மணிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விமான விதி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, தப்பித்தது. 20 ஆம்பியர்-மணி என்றால் 480. விமான நிலையத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல இது.

உணர்ச்சியற்ற உடலுக்கு வேகத்தைவிட இருக்கைதான் முக்கியம். சாய்க்க முடியாத இருக்கையில் நாள் முழுவதும் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும்; அது உயிருக்கே ஆபத்தாகலாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஜாய்ஸ்டிக் பழுதானால் சென்னையில் யார் வந்து பார்ப்பார், எத்தனை நாளில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தசைச்சிதைவு நோயாளிகளுக்குத் தமிழக அரசு பேட்டரி நாற்காலி வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.