பட்டம் வேறு, பதிவு வேறு: ஆஸ்டியோபதி படிக்க விழைவோருக்கு

கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கியதும் பெங்களூரில் உள்ள எங்கள் கிளைகளுக்குக் கல்விக் கடன் கேட்டு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் பொறியியல், மருத்துவம், செவிலியம் என்ற பழகிய பெயர்களையே சொல்வார்கள். அண்மைக் காலமாக அவற்றோடு ஆஸ்டியோபதி என்ற பெயரும் எங்கள் மேசைக்கு வருகிறது. மருந்தும் கத்தியும் இன்றி, எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றின் கோளாறுகளைக் கைகளால் தொட்டறிந்து, கைகளாலேயே சீர்செய்ய முயலும் முறை இது. பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது. கல்லூரிக் கையேடு வழவழப்பான தாளில் அச்சாகியிருக்கிறது. கட்டண விவரமும் தெளிவாக இருக்கிறது. படித்து முடித்த பின்னர் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும் என்ற வரி மட்டும் பல நேரங்களில் அதில் இருப்பதில்லை. கடன் வழங்கும் நாங்கள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இம்முறையைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் அமெரிக்கர். 1864-இல் மூளை உறை அழற்சி நோய்க்குத் தம் குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தவர். அக்காலத்து மருந்துகளின் மீது நம்பிக்கை இழந்த அவர், 1874-இல் தம் புதிய முறையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் அதற்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-இல் லண்டனில் மற்றொரு பள்ளியை நிறுவினார். அங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. இன்று அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். பிரிட்டனிலோ, 1993-ஆம் ஆண்டின் ஆஸ்டியோபதியர் சட்டத்தின்படி பதிவு பெற்ற கைமுறைச் சிகிச்சையாளர் மட்டுமே. ஒரே பெயர், இரு வேறு தொழில்கள். அமெரிக்க மருத்துவரைப் பற்றிப் படித்துவிட்டு, பிரிட்டன் வகைப் படிப்புக்குக் கடன் கேட்போர் உண்டு. இந்தக் குழப்பத்தை விண்ணப்பம் எழுதும் முன்னரே தீர்த்துக்கொள்வது நல்லது.

புத்தூர்க் கட்டும், சித்த மருத்துவத்தின் தொக்கணமும், வர்மமும் அறிந்த நம்மவர்க்குக் கைவைத்தியம் புதியதன்று. ஆனால் ஒரு படிப்பு வாழ்க்கைத் தொழிலாக வேண்டுமெனில், கைத்திறனோடு சட்டத்தின் துணையும் வேண்டும். ஒடிசாவின் கட்டக் நகரில் உள்ள ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் ஆஸ்டியோபதியைப் பட்டப் படிப்பாகவே நடத்துகிறது. பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. தொழில் நடத்த உரிமை தருவது பதிவேட்டின் வேலை. 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், மருத்துவர், செவிலியர் அல்லாத பல சுகாதாரத் தொழில்களை ஒரே ஒழுங்குமுறையின் கீழ்க் கொண்டுவந்தது. அதன் அட்டவணையில் இயன்முறை மருத்துவத்துக்குத் தனி இடம் உண்டு. ஆஸ்டியோபதி என்ற பெயரில் தொழிற்பிரிவு எதுவும் அதில் இல்லை.

பயிற்சியின் அளவையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஆஸ்டியோபதிப் பயிற்சி நெறிமுறை, முன்பு மருத்துவத் துறைப் படிப்பு எதுவும் இல்லாத மாணவருக்கு 4,200 மணி நேரப் பயிற்சியைச் சொல்கிறது. அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையோடு கூடிய நோயாளிப் பயிற்சியாக இருக்க வேண்டும். ஏற்கெனவே சுகாதாரத் துறையில் பட்டம் பெற்றவருக்கு இதைத் தக்கவாறு சுருக்கிக்கொள்ளலாம். சில வார இறுதி வகுப்புகளில் சான்றிதழ் தரும் நிலையங்களை இந்த அளவுகோலின் அருகே வைத்துப் பார்த்தால், மேற்கொண்டு நாங்கள் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகவே பெங்களூரில் இத்துறையை விரும்பும் மாணவருக்கு நாங்கள் கூறும் வழி, இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டமான பி.பி.டி.யை முதலில் முடித்துவிட்டு, ஆஸ்டியோபதியை அதன்மேல் கற்பதாகும். இது வங்கியின் அச்சத்தால் மட்டும் பிறந்த யோசனை அன்று. இயன்முறை மருத்துவம் இந்நாட்டில் வேரூன்றிய வரலாறு அப்படி. 1950-களின் தொடக்கத்தில், இளம்பிள்ளை வாதம் பரவிய வேளையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பம்பாயில் இதற்கான பள்ளி தோன்றியது. நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்தபோது, கத்தியின் வேலை பாதிதான் என்பது விரைவிலேயே புலப்பட்டது. இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்றுக்கொடுத்து, விரலை மீண்டும் மடக்கவும் நீட்டவும் பழக்கியவர்கள் இயன்முறைச் சிகிச்சையாளர்களே. அதே கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்கு அவரே முதற்காரணம்.

பெங்களூரில் பி.பி.டி. கல்லூரிகள் பெரும்பாலும் 1996-இல் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும் என்பதே இதுவரை இருந்த முறை. மேற்சொன்ன ஆணையம் 2025-இல் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் பயிற்சிக் காலத்தை ஓராண்டாக்கி, மொத்தத்தை ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியிருக்கிறது. உடற்கூறியல், உடலியங்கியல், உடற்பயிற்சி மருத்துவம், மின்சிகிச்சை, எலும்பு, நரம்பு, இதய நுரையீரல் நோய்கள் எனப் பாடங்கள் விரிகின்றன. இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பில் விளையாட்டு மருத்துவம் போன்ற சிறப்புப் பிரிவுகள் உண்டு. பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போடலாமா என்ற சர்ச்சை 2025 செப்டம்பரில் எழுந்து, போடக் கூடாது என்ற உத்தரவு மறுநாளே திரும்பப் பெறப்பட்டதை வாசகர்கள் நாளிதழ்களில் கண்டிருப்பார்கள். கடன் மேசைக்கு அந்த முன்னொட்டு தேவைப்படுவதில்லை.

வேலைக்கு இந்நகரில் பஞ்சமில்லை. நரம்பு நோயாளிகளுக்கு நிம்ஹான்ஸ், விபத்தில் அடிபட்டோருக்கு சஞ்சய் காந்தி நிலையம், 2000-இல் இங்கு அமைந்த தேசிய கிரிக்கெட் அகாடமி, மாற்றுத்திறனாளிகளுக்காக 1959 முதல் இயங்கும் ஏ.பி.டி. சங்கம், 1994-இல் தோன்றிய மொபிலிட்டி இந்தியா என இத்துறையின் தேவையைக் காட்டும் இடங்கள் பல. இவற்றுக்கு அப்பால், கணினியின் முன் நாள் முழுதும் அமர்ந்திருப்போரின் முதுகும் கழுத்தும் இருக்கின்றன. கவுன்ட்டரின் பின்னே அமர்ந்திருக்கும் எங்கள் முதுகுகளும் அந்தக் கணக்கில் சேரும். 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிரிட்டனின் 2016-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, இவ்வலிக்குக் கைமுறைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும் என்கிறது. கையால் நீவியே எல்லா நோயையும் போக்கலாம் என்று விளம்பரம் செய்வோரிடம் பயிலச் செல்லும் முன் இதை நினைவில் வைக்கலாம்.

இனி, எங்கள் துறைக்கு வருவோம். இத்தொழிலில் தொடக்க ஊதியம் மென்பொருள் துறையைப் போன்றதன்று. எனவே கடன் தொகையைவிட, அது படிப்புக் காலத்தில் எவ்வளவு வளர்கிறது என்பதே முக்கியம். எடுத்துக்காட்டாக, நான்கு ஆண்டுகள் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் கடன் பெற்று, ஐந்து ஆண்டுப் படிப்புக்குப் பின் மேலும் ஓராண்டு தவணை விடுப்பு எடுப்பதாகக் கொள்வோம். வட்டி 10 விழுக்காடு தனிவட்டி எனில், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 1.80 லட்சம் ரூபாய் சேர்ந்து, கடன் 5.80 லட்சம் ஆகியிருக்கும். பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 7,660 ரூபாய் வேண்டும். மாறாக, பெற்றோர் படிப்புக் காலத்திலேயே வட்டியைக் கட்டி வந்தால், அது முதலாண்டில் மாதம் 833 ரூபாய், நான்காம் ஆண்டு முதல் 3,333 ரூபாய். பின்னர் வரும் மாதத் தவணை சுமார் 5,290 ரூபாயாகக் குறையும். முதல் வேலையில் சேரும் பிள்ளைக்கு இந்த 2,370 ரூபாய் வேறுபாடு சிறியதன்று.

4 லட்சம் வரை பிணையும் முன்பங்கும் பொதுவாகக் கேட்பதில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமித் திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மிகாத குடும்பங்களின் தகுதியுள்ள மாணவருக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை உண்டு. ஆனால் அது தேர்ந்தெடுத்த உயர்தர நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. கல்லூரி அப்பட்டியலில் இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகச் சிகிச்சையகம் தொடங்குவோர் முத்ரா திட்டத்தை நாடலாம். ‘தருண்’ வகையில் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கர்நாடகத்தில் இயன்முறைச் சிகிச்சையகமும் 2007-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற வேண்டும். திட்ட அறிக்கையில் சிகிச்சைக் கட்டில், மின்தூண்டல் கருவி, மீயொலிக் கருவி எல்லாம் எழுதி வருவோர், பெங்களூரின் பத்து மாத வாடகை முன்பணத்தை மறந்துவிடுகிறார்கள். ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ கடை பார்ப்பவருக்குக் கருவிகளைக் காட்டிலும் அதுவே பெருஞ்செலவாகிவிடலாம்.

பி.பி.டி. முடித்து, பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ ஆஸ்டியோபதி பயில விரும்புவோரின் விண்ணப்பத்தையும் நாங்கள் பரிசீலிக்கிறோம். இரு நாடுகளிலும் அத்தொழிலுக்குச் சட்டப்படியான பதிவேடு உண்டு. தாயகம் திரும்பினால், கையில் இருக்கும் பி.பி.டி. பட்டமே இங்குள்ள பதிவுக்கு வழி தரும். விண்ணப்பத்தோடு சேர்க்கைக் கடிதம், ஆண்டுவாரிக் கட்டண அட்டவணை, மதிப்பெண் சான்றுகள், பெற்றோரின் வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். அப்படிப்பை அங்கீகரித்த பதிவு மன்றத்தின் பெயரைக் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டுப் பெற்று அதையும் இணைத்துவிடுங்கள்.