‘ராகிங்’ – ‘பகிடிவதை’: சொற்பொருளும் வழக்கும்

முன்னுரை

கேலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘ராகிங்’ என்பது தமிழகக் கல்விக்கூடங்களில் பெருவழக்காக உள்ளது. விளையாட்டைச் சுட்டிய அச்சொல் குற்றத்தின் பெயரானதையும், அதற்கு ஈடாக வழங்கும் ‘பகிடிவதை’ என்னும் தமிழ்ச்சொல்லின் பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பொருள்

ஆங்கிலத்தில் ‘ராக்’ என்னும் வினை கடிந்துரைத்தல், சீண்டுதல் ஆகிய பொருள்களில் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழக மாணவர் பேச்சில் ஆரவாரக் குறும்பைக் குறித்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இன்றும் ‘ராக்’ என்பது அறப்பணிக்கு நிதி திரட்டும் மாணவர் கொண்டாட்டத்தின் பெயராக உள்ளது. இந்தியாவிலும் இலங்கையிலும் மூத்த மாணவர் புதியவரைத் துன்புறுத்தும் செயலுக்கு ‘ராகிங்’ பெயராயிற்று. செயல் மாறியபோதும் விளையாட்டு என்னும் பொருட்சாயல் நீங்கவில்லை. ‘விளையாட்டுக்குத்தான் செய்தோம்’ என்னும் சமாதானத்திற்கு அச்சொல்லே இடந்தருகிறது.

தமிழ் மரபில் கேலி

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. எள்ளலை விளக்கும் பேராசிரியர், பிறரை எள்ளித் தான் நகுதலோடு, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலையும் சேர்த்து இருவகையாக்குகிறார். எள்ளப்பட்டவரும் நகுவதற்கு இடமிருப்பதே இங்குக் கருதத்தக்கது.

வல்லத்திராக்கோட்டை முதலான புதுக்கோட்டை மாவட்ட ஊர்களில் மாமன், மச்சான் முறையினர் ஒருவரையொருவர் கேலி செய்வது இயல்பு. அண்ணன், தங்கை முறையினரிடையே அதற்கு இடமில்லை. இத்தகைய கேலியுறவுகளை மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் வெளிவந்த கட்டுரையில் ஆராய்ந்தார். முறைக்கேலியில் கேட்டவருக்குத் திருப்பிப் பேசும் உரிமை உண்டு. ஊரிலிருந்து கல்லூரி விடுதிக்குச் செல்லும் முதலாண்டு மாணவருக்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே ‘ராகிங்’ மரபுக்கேலியின் தொடர்ச்சியாகாது.

சட்டமும் சொல்லும்

1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதையடுத்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. மாணவருக்கு அச்சமோ வெட்கமோ தரும் செயல்களோடு, சீண்டுதலையும் குறும்பு செய்தலையும் அது குற்றமாக வரையறுக்கிறது. ஈராண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கிறது. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதனைத் தடைசெய்தது.

ஈழத்தமிழில் ‘பகிடி’ என்பது வேடிக்கைப் பேச்சு. அதனுடன் ‘வதை’ சேர்ந்து ‘பகிடிவதை’ ஆகிறது. முன்சொல் செய்பவர் கூறும் காரணத்தையும், பின்சொல் பட்டவர் அடையும் துன்பத்தையும் உணர்த்துகின்றன.

முடிவுரை

‘ஈவ் டீசிங்’ என்னும் பெயரில் 1998இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், பின்னர்ப் பெண்களுக்கு எதிரான துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கேலிச்சொல் குற்றத்தின் கடுமையைக் குறைத்துக் காட்டும் என்பதற்கு அம்மாற்றம் சான்று. அதே நோக்கில், கல்வி நிறுவன அறிவிப்புகளிலும் மாணவர் உறுதிமொழிகளிலும் ‘ராகிங்’ என்பதற்கு மாற்றாகப் ‘பகிடிவதை’ என்னும் சொல்லை ஆளுதல் பொருத்தமாகும்.