மயக்க மருந்துக்குப் பயந்து சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

"சத்திரசிகிச்சைக்கு எனக்குப் பயமில்லை பாதர். அந்த மயக்க மருந்துக்குத்தான் பயம். ஏற்கெனவே பழுதுபட்ட இருதயம். மயங்கினால் திரும்ப எழும்புவனோ?"

பலமுறை இடம்பெயர்ந்து, இப்போது கிளிநொச்சிப் பக்கம் குத்தகைக் காணியில் நெல் விதைக்கும் ஒரு விவசாயி என்னிடம் இப்படிக் கேட்டார். இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் அடைபட்டிருப்பதால் பைபாஸ் சத்திரசிகிச்சை வேண்டும் என்று வைத்தியர்கள் கூறியிருந்தார்கள். மனைவிக்கு வேறு யோசனை. "இருதயத்தைக் காப்பாற்றுகிற விசேச மயக்க வாயு வெளியில இருக்காம். லாண்ட்மாஸ்டரை வித்தெண்டாலும் இந்தியாவுக்குக் கொண்டு போவம்" என்றார்.

இந்த இரண்டு எண்ணங்களும் நம்மிடையே பல குடும்பங்களில் உண்டு. எனவே இதனைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வாய்க்கால் மூடிய வயல்

பைபாஸ் சத்திரசிகிச்சையின்போது பெரும்பாலும் இருதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பார்கள். உடலுக்கு இரத்தத்தை ஓடச் செய்வது ஓர் இயந்திரம். இருதயத் தசைக்கு மட்டும் அந்நேரம் இரத்தம் வராது. வாய்க்கால் மூடிய வயலின் நிலைதான். தசை பழுதாகாதிருக்க, பொற்றாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி அதனை ஓய்வில் வைத்திருப்பார்கள்.

1986 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். நாய்களின் இருதயக் குழாயொன்றை ஐந்து ஐந்து நிமிடங்களாக நான்கு தடவை மூடித் திறந்தார்கள். பின்னர் தொடர்ந்து 40 நிமிடங்கள் மூடினார்கள். இவ்வாறு முன்கூட்டிப் பழக்கப்பட்ட இருதயங்களில் பழுதுபட்ட தசையின் அளவு, பழக்கப்படாதவற்றில் இருந்ததன் காற்பங்காகவே இருந்தது. இளம் பருவத்தில் சிறு வறட்சியைக் கண்ட பயிர் பின்வரும் வறட்சியை ஓரளவு தாங்குவது போன்றது இது.

1997 இல் மற்றொரு செய்தி வந்தது. ஐசோபுளூரேன் என்னும் மயக்க வாயுவைச் சுவாசித்த விலங்குகளிலும் இதே பாதுகாப்புக் காணப்பட்டது. குழாயை மூடாமலே வாயு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது. தசைக் கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளில் பொற்றாசியம் செல்லும் நுண்ணிய வாயில்களை அது திறக்க உதவுவதே காரணம் என விளக்கினார்கள்.

பெரிய சோதனை

இதனால் மனிதர் உயிர் தப்புவது கூடுமா? சில சிறு ஆய்வுகள் ஆம் என்றன. உறுதிசெய்ய 13 நாடுகளின் 36 வைத்தியசாலைகளில் 5,400 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் முன்கூட்டித் திகதி குறித்துப் பைபாஸ் செய்துகொண்டவர்கள். ஒரு பகுதியினருக்கு மயக்க வாயு. மறு பகுதியினருக்கு நாளத்தில் ஏற்றும் மயக்க மருந்து மட்டும். 2019 இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் வாயு பெற்றோரில் நூற்றுக்கு 2.8, மற்றோரில் 3.0. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. மயக்க வாயு இருதயத்தின் எதிரியல்ல. அற்புத மருந்தும் அல்ல. எந்த முறையிலும் நூறு பேரில் ஏறக்குறைய 97 பேர் ஓராண்டின் பின்னும் உயிரோடிருந்தார்கள். 1975 இல் இந்தியாவின் முதலாவது பைபாஸ் சென்னை, பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையில் கே. எம். செரியன் அவர்களால் செய்யப்பட்டது. அங்கு திறமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வாயுவைத் தேடி உழைப்புக் கருவியை விற்றுக் கடல் கடக்கத் தேவையில்லை. நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமாகவே செய்யப்படுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. கொடுத்த திகதியைத் தவறவிடாதீர்கள். காலபோக அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, மாரடைப்போடு அவசரமாகப் போவதே கூடிய ஆபத்து.

2. மயக்க மருந்து வைத்தியரிடம் எதையும் மறைக்காதீர்கள். பீடி, சாராயம், நாட்டு மருந்து, முன்னைய காயங்கள் யாவற்றையும் சொல்லுங்கள். குடும்பத்தில் எவருக்காவது மயக்க மருந்து கொடுத்தபோது கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அத்தகையவருக்கு மயக்க வாயு கூடாது. நாள மருந்து கொடுப்பார்கள். அதனால் அவருக்கு நட்டம் எதுவுமில்லை.

3. புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

4. இடப்பெயர்வுகளில் கிளினிக் அட்டைகளைத் தொலைத்தவர்கள் நம்மில் அநேகர். புதிய அட்டை, இ.சி.ஜி. தாள்கள், மருந்துத் துண்டுகள் ஆகியவற்றைக் காணி உறுதியோடு சேர்த்து ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள்.

அந்த விவசாயியிடமும் மனைவியிடமும் நான் சொன்னது இதுவே: லாண்ட்மாஸ்டரை விற்காதீர்கள், வைத்தியசாலை தந்த திகதியை விடாதீர்கள்.